புழுவின் கேடயம்: ஒரு வாக்கியத்தைப் பற்றிய விமர்சனம்

விலங்கியல் பாடநூல்களிலும், மருத்துவம் பற்றிய எளிய கட்டுரைகளிலும் ஒரு வாக்கியம் அடிக்கடி தலைகாட்டுகிறது. சொற்கள் இடத்துக்கு இடம் சற்று மாறும், பொருள் மாறுவதில்லை. ஒட்டுண்ணிப் புழுக்கள் தாம் உண்டாக்கும் நொதிகளின் உதவியால் ஓம்புயிரின் தாக்குதலை முறியடித்து, அதன் உடலுக்குள் பல்லாண்டுகள் உயிர் வாழ்கின்றன என்பதே அது. தேர்வில் இப்படி எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். படிப்பவர்களுக்கும் ஏதோ விளங்கிவிட்டது போன்ற நிறைவு உண்டாகும். அந்த நிறைவு எவ்வளவு தூரம் நியாயமானது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

இதை எழுதுபவன் கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். புழுக்களைப் பற்றிப் பேச இவனுக்கு என்ன உரிமை என்று வாசகர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் மேலே சொன்ன வாக்கியத்தில் என் கண்ணை உறுத்துவது புழு அன்று. 'உதவியால்' என்ற சொல்தான். ஒன்றைக் காரணம் என்றும் மற்றொன்றை விளைவு என்றும் முடிச்சுப் போடும் சொல் எந்தப் பாடத்தில் வந்தாலும், முடிச்சு சரியாக விழுந்திருக்கிறதா என்று இழுத்துப் பார்ப்பது இயற்பியல் படித்தவர்களின் பழக்கம்.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக் கொள்வோம். ஒட்டுண்ணிக்கு இடங்கொடுக்கும் உயிரை ஓம்புயிர் என்கிறோம். நொதி என்பது என்ஸைம். ஒரு கவளம் சோற்றை விழுங்காமல் நெடுநேரம் மென்றுகொண்டே இருந்தால் லேசாக இனிக்கும். உமிழ்நீரில் உள்ள ஒரு நொதி மாவுப் பொருளைச் சர்க்கரையாக உடைப்பதே இதற்குக் காரணம். தானாக நடந்தால் மிக மெதுவாக நடக்கக்கூடிய ஒரு வேதிவினையை விரைவாக நடக்கச் செய்வது, தான் செலவாகாமல் மீண்டும் மீண்டும் அதையே செய்வது: நொதியின் தொழில் இவ்வளவுதான். அதற்கு நோக்கம் கிடையாது; பகைவன், நண்பன் என்ற வேறுபாடும் தெரியாது.

இரத்தத்தில் ஒரு குடித்தனம்

புழுக்கள் பலவகை. எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு போனால் எதையும் உருப்படியாகப் பார்க்க முடியாது. ஆகவே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சிஸ்டோசோமா என்னும் இரத்தப்புழு. 1851-ல் கெய்ரோ நகரில் தியோடர் பில்ஹார்ஸ் என்ற ஜெர்மானிய மருத்துவர் இதைக் கண்டறிந்தார். ஆப்பிரிக்காவிலும், தென் அமெரிக்காவின் சில பகுதிகளிலும், சீனாவிலும் பிலிப்பைன்ஸிலும் இந்நோய் உண்டு. நம் நாட்டில் இது மிக அரிது. மகாராஷ்டிரத்தின் ரத்தினகிரி மாவட்டத்தில் கிம்வி என்னும் சிற்றூரில் இந்நோய் இருந்ததை 1952-ல் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். உலக அளவிலோ நிலைமை வேறு. 2021-ல் 25 கோடிக்கும் மேற்பட்ட மக்களுக்கு இந்நோய்க்கான தடுப்புச் சிகிச்சை தேவைப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது.

நன்னீர் நத்தையின் உடலில் பெருகும் இளம்புழு நீரில் நீந்தி வந்து, நீரில் இறங்கும் மனிதனின் தோலைத் துளைத்து உள்ளே போகிறது. வாலை வெளியே விட்டுவிடுகிறது. இரத்த ஓட்டத்தில் கலந்து இதயம், நுரையீரல் வழியாகச் சுற்றி, கடைசியில் கல்லீரலுக்கு இரத்தம் கொண்டுபோகும் வாயிற்சிரையை அடைந்து அங்கே முதிர்ச்சி பெறுகிறது. ஆணும் பெண்ணும் இணைகின்றன. ஆண்புழுவின் உடலிலுள்ள ஒரு மடிப்புக்குள் பெண்புழு வாழ்நாள் முழுவதும் தங்குகிறது. பின்னர் இணை இணையாகக் குடற்சிரைகளுக்கோ, வேறோர் இனமாக இருந்தால் சிறுநீர்ப்பையின் சிரைகளுக்கோ நகர்ந்து குடித்தனம் நடத்துகின்றன. நீளம் ஒன்று அல்லது இரண்டு சென்டிமீட்டர். ஆயுள் பொதுவாக 3 முதல் 10 ஆண்டுகள். அபூர்வமாக 30 ஆண்டுகளுக்கு மேலும் வாழ்ந்திருக்கின்றன.

எண்ணிப் பாருங்கள். ஒளிந்துகொள்ள ஒரு மூலை கிடையாது. நாற்புறமும் இரத்தம். அந்த இரத்தத்தில் வெள்ளணுக்களும் எதிர்ப்பொருள்களும் இருபத்துநான்கு மணி நேரமும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. வெள்ளணுக்கள் அன்னியப் பொருளின் மீது ஒட்டிக்கொண்டு ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற நச்சுகளை அதன் மேல் உமிழ்கின்றன. இந்த மழையில் நனைந்துகொண்டே பத்தாண்டுகள் வாழ்வது எப்படி? கேள்வி உண்மையிலேயே பெரியது. 'நொதிகளின் உதவியால்' என்ற பதில் அதற்குச் சொல்லப்பட்டதுதான்.

மெல்போர்ன் எலிகள்

1980-களில் இரண்டு ஆராய்ச்சிக் குழுக்கள், ஒன்று ஆஸ்திரேலியாவின் மெல்போர்னிலும் மற்றொன்று பிரான்சின் லீல் நகரிலும், ஏறக்குறைய ஒரே சமயத்தில் ஒரே நொதியின் மேல் கைவைத்தன. அதன் பெயர் குளுட்டாதயோன் எஸ்-டிரான்ஸ்ஃபரேஸ். சுருக்கமாக ஜி.எஸ்.டி. என்பார்கள். கடைச் சீட்டில் வரும் ஜி.எஸ்.டி.க்கும் இதற்கும் உறவில்லை! எண்ணெய்ப் பசை கொண்ட நச்சுப் பொருள்களோடு குளுட்டாதயோன் என்ற சிறு மூலக்கூறை இணைத்து, அவற்றை நீரில் கரையக்கூடியதாக்கி வெளியேற்ற வழிசெய்வது இந்நொதியின் வேலை. நம் கல்லீரலிலும் இதன் உறவினர்கள் உண்டு.

மெல்போர்னில் வால்டர் அண்டு எலிசா ஹால் ஆய்வு நிலையத்தில் கிரஹாம் மிட்செல் தலைமையில் பணியாற்றிய குழுவிடம் 129 என்ற எண்ணால் குறிக்கப்படும் ஒரு வகை எலிகள் இருந்தன. இவ்வெலிகளில் ஒரு பகுதி விந்தையானவை. இரத்தப்புழுக்களை உடலில் ஏற்றினாலும் அவை நிலைத்து வாழவில்லை. மற்ற எலிகளில் வாழும் புழு இவற்றில் ஏன் வாழவில்லை? இவற்றின் இரத்தத்தில் புழுவின் எந்தப் புரதத்துக்கு எதிராக எதிர்ப்பொருள் உண்டாகியிருக்கிறது என்று தேடினார்கள். 26,000 மூலக்கூறு எடையுள்ள ஒரு புரதம் கிடைத்தது. அதுதான் ஜி.எஸ்.டி. என்று 1986-ல் வெளியிட்டார்கள். மறு ஆண்டு, ஆந்திரே காப்ரோன் தலைமையிலான லீல் குழு 28,000 எடையுள்ள வேறொரு புழுப்புரதத்தின் மரபணுவைப் பிரித்தெடுத்து, அது எலிகளுக்குப் பாதுகாப்புத் தருகிறது என்று அறிவித்தது. அதுவும் ஒரு ஜி.எஸ்.டி. என்று விரைவில் தெரிந்தது.

உற்சாகம் பிறந்ததில் வியப்பில்லை. கதை அத்தனை அழகாகக் கூடிவந்தது. ஓம்புயிர் நச்சைப் பொழிகிறது, புழு ஜி.எஸ்.டி. கொண்டு அதை முறிக்கிறது, நாம் ஜி.எஸ்.டி.க்கு எதிராகத் தடுப்பூசி போட்டால் கேடயம் பறிபோகும், புழு மடியும்.

'கேடயம்' என்ற சொல்லைத்தான் நான் குறை கூறுகிறேன். உவமை என்ற முறையில் அது தவறன்று. ஆனால் கேடயம் என்று சொன்ன அந்தக் கணமே, அதைப் பிடுங்கினால் வீரன் சாவான் என்ற முடிவும் நம்மை அறியாமல் கூடவே நுழைந்துவிடுகிறது. புழுவிடம் அந்த நொதி இருக்கிறது என்பது ஒரு செய்தி. அந்நொதி சோதனைக் குழாயில் நச்சை முறிக்கிறது என்பது இன்னொரு செய்தி. அந்நொதி இல்லாவிட்டால் புழு சாகும் என்பது மூன்றாவது. முதல் இரண்டும் நிரூபிக்கப்பட்ட உடனே மூன்றாவதும் நிரூபிக்கப்பட்டதாக நம் வாக்கியம் எழுதிவிடுகிறது.

கசியும் குழாய்

இங்கேதான் இயற்பியல்காரனுக்கு மகிழ்ச்சி தரும் ஒரு திருப்பம் வருகிறது. இதை நம் எளிய கட்டுரைகள் சொல்வதே இல்லை; சொல்லியிருந்தால் மாணவர்களுக்கு நொதியின் பெயரைவிட இது பயன்பட்டிருக்கும்.

குடலிலிருந்து வரும் இரத்தமெல்லாம் வாயிற்சிரை வழியாகக் கல்லீரலுக்குள் புகுந்து, மிக நுண்ணிய கால்வாய்களில் பிரிந்து, பிறகு ஒன்றுகூடி இதயத்துக்குப் போகிறது. புழுவின் பார்வையில் கல்லீரல் ஒரு வலை. சிறு புழு அந்த நுண்கால்வாய்களைத் தாண்ட முடியாமல் அங்கே தங்குகிறது, தங்குவதால்தான் வளர்கிறது. இப்போது வயலுக்குப் போகும் வாய்க்காலை நினைத்துக்கொள்ளுங்கள். மடையில் குப்பை அடைத்துக்கொண்டால் நீர் என்ன செய்யும்? மட்டம் உயரும். கரையில் எங்கே பலவீனமோ அங்கே கசியத் தொடங்கும். கசிவு பெரிதாகி, புதிய ஓடையே உண்டாகிவிடும்.

எலியின் கல்லீரலிலும் இதுவே நடக்கிறது. பெண்புழு நாள்தோறும் இடும் முட்டைகளில் ஒரு பகுதி இரத்தத்தோடு போய்க் கல்லீரலில் சிக்குகிறது. எலி மிகச் சிறிய விலங்கு; ஒரு சில புழு இணைகளின் முட்டைகளே அதன் கல்லீரலுக்குத் தாங்காத சுமை. ஓட்டத்துக்குத் தடை கூடுகிறது, வாயிற்சிரையில் அழுத்தம் ஏறுகிறது, இரத்தம் கல்லீரலைச் சுற்றிக்கொண்டு போகப் பக்கவழிகள் திறக்கின்றன. தடை குறைந்த பாதையில் ஓட்டம் மிகுதி என்பது ஓம் விதி படித்த மாணவனுக்குப் புதிதல்ல. இதற்குப் பிறகு அந்த எலிக்கு இரண்டாவது முறை புழுவை ஏற்றினால், புதிய புழுக்கள் கல்லீரலில் தங்காமல் பக்கவழியில் நழுவி மீண்டும் நுரையீரலுக்கே அடித்துச் செல்லப்படுகின்றன. நிலைக்க இடமின்றி அழிகின்றன. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது எப்படித் தோன்றும்? முதல் தொற்று எலிக்கு நோய் எதிர்ப்பு ஆற்றலைக் கொடுத்துவிட்டது என்றே தோன்றும்!

அப்படித்தான் பல ஆண்டுகள் தோன்றியது. எலிகளில் காணப்பட்ட 'எதிர்ப்பு ஆற்றலில்' கணிசமான பங்கு புழுக்கள் கொல்லப்பட்டதால் வந்ததல்ல, கசியும் குழாயால் வந்தது என்று இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்சன், கோல்சன், மெக்ஹியூ ஆகியோர் 1983-லேயே எழுதினார்கள். 129 எலிகளின் கதை இன்னும் சுவையானது. அவற்றில் சிலவற்றுக்குப் புழு ஏறுவதற்கு முன்பே வாயிற்சிரை அமைப்பில் விசித்திரங்கள் இருந்தன. அவ்வெலிகள் புழுவை ஏற்காததற்கு இந்த இரத்தக்குழாய் அமைப்பே காரணமாக இருக்கலாம் என்று 1989-ல் எழுதியவர்களுள் மெல்போர்னின் மிட்செலும் ஒருவர். தம் குழுவின் எலிகளைப் பற்றித் தாமே இதை எழுதிய அவருடைய நேர்மையைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை.

ஆக, ஜி.எஸ்.டி.யை நோக்கி மெல்போர்னின் கையைப் பிடித்து அழைத்துச் சென்ற எலிகள், அந்த நொதிக்கு எதிரான எதிர்ப்பொருளால்தான் தப்பின என்பதற்கு உறுதி இல்லாமல் போயிற்று. எதிர்ப்பொருள் அவற்றின் இரத்தத்தில் இருந்தது உண்மை. ஆனால் கூட இருந்ததெல்லாம் காரணமாகிவிடுமா?

மெல்போர்ன் நொதியின் பிற்கால வரலாறு வேடிக்கையானது. அது குளுட்டாதயோனை இறுகப் பிடித்துக்கொள்ளும் இயல்புடையது. அதனால் வேறெந்தப் புரதத்தையும் அதனோடு ஒட்டித் தயாரித்தால், குளுட்டாதயோன் பூசிய மணிகளின் மேல் ஊற்றி, ஒரே கட்டத்தில் தூய்மையாகப் பிரித்தெடுக்கலாம். 1988-ல் டொனால்டு ஸ்மித்தும் கெவின் ஜான்சனும் இம்முறையை வெளியிட்டார்கள். இன்று உலகெங்கும் உயிர்வேதியியல் கூடங்களில் புரதம் பிரிப்பவர்கள் பயன்படுத்தும் ஜி.எஸ்.டி. இந்தப் புழுவின் நொதிதான். புழுவுக்கு அது எவ்வளவு உதவியதோ தெரியாது. ஆராய்ச்சி மாணவர்களுக்கு நன்றாகவே உதவிக்கொண்டிருக்கிறது.

செனகல் குழந்தைகள்

லீல் குழுவின் பாதை வேறு. அவர்கள் விடாப்பிடியாக முன்னேறினார்கள். இடையில், 1990-களில், உலக சுகாதார நிறுவனத்தின் முயற்சியில் ஆறு புழுப்புரதங்கள், இந்த ஜி.எஸ்.டி. உள்பட, தடுப்பூசிக்குத் தகுமா என்று தனித்தனி ஆய்வுக்கூடங்களில் எலிகளிடம் சோதிக்கப்பட்டன. புழுக்களின் எண்ணிக்கையை 40 சதவீதமாவது தொடர்ந்து குறைக்க வேண்டும் என்பது வைத்துக்கொண்ட இலக்கு. ஆறில் ஒன்றும் அதை எட்டவில்லை. ஆயினும் ஜி.எஸ்.டி.க்கு ஆதரவாக வேறொரு வாதம் இருந்தது. குரங்குகளில் செய்த சோதனைகளில், தடுப்பூசி புழுவைக் கொல்லாவிட்டாலும் அது இடும் முட்டைகளைக் குறைக்கிறது என்று கண்டார்கள். நோய்க்குக் காரணம் முட்டைகளே ஆதலால் இது அற்பமான வாதமன்று.

கடைசியில் மனிதரிடம் வந்தார்கள். சிறுநீர்ப்பையைத் தாக்கும் இனத்தின் ஜி.எஸ்.டி.யைக் கொண்டு செய்த தடுப்பூசி, 2009-க்கும் 2012-க்கும் இடையே செனகல் நாட்டின் செயின்ட் லூயி பகுதியில் 6 முதல் 9 வயது வரையிலான 250 குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டது. முதலில் மருந்து கொடுத்து உடலில் இருந்த புழுக்களை அகற்றினார்கள். பின்னர் ஒரு பிரிவினருக்குத் தடுப்பூசி, மற்றப் பிரிவினருக்கு நொதி சேராத ஊசி. யாருக்கு எது என்பது குழந்தைகளுக்கும் தெரியாது, மருத்துவர்களுக்கும் தெரியாது. நோய் திரும்பிவர எவ்வளவு காலம் ஆகிறது என்று கவனித்தார்கள். முடிவுகள் 2018-ல் வெளியாயின. ஊசியால் கெடுதல் எதுவும் இல்லை. எதிர்ப்பொருள்களும் உண்டாயின. நோய் திரும்புவதை மட்டும் அது போதிய அளவு தடுக்கவில்லை.

1987-லிருந்து 2018 வரை கணக்கிட்டால் 31 ஆண்டுகள். இதை வீண் என்று நான் சொல்லவில்லை. முறையாகச் சோதித்து, தோல்வியை மறைக்காமல் அச்சிட்டது விஞ்ஞானத்தின் நல்ல பழக்கம். நான் குறை சொல்வது நம் வாக்கியத்தை. அந்த முப்பது ஆண்டுகளிலும் அது சற்றும் மாறாமல், ஐயத்தின் நிழல்கூடப் படாமல், பாடநூலிலிருந்து கட்டுரைக்கும் கட்டுரையிலிருந்து பாடநூலுக்கும் நடந்துகொண்டிருந்தது. செனகல் செய்தி வந்த பிறகும் நடக்கிறது.

எளிய ஐயம் ஒன்றை மாணவர்களே கேட்டிருக்கலாம். ஜி.எஸ்.டி. பெரும்பாலும் புழுவின் உயிரணுக்களுக்கு உள்ளே இருக்கிறது. எதிர்ப்பொருளோ வெளியே இரத்தத்தில் மிதக்கும் பெரிய மூலக்கூறு. எடை ஏறத்தாழ 1,50,000. உயிரணுச் சவ்வை அது தானாக ஊடுருவ முடியாது. உள்ளே இருப்பதை வெளியே நிற்பது எப்படிப் பிடிக்கும்? இதற்கு ஆதரவாளர்கள் விடை சொல்லியிருக்கிறார்கள்; நொதியில் ஒரு பகுதி வெளியேறுகிறது என்பது அந்த விடை. இருக்கட்டும். பிடித்தபின் எஞ்சிய பகுதி எவ்வளவு? அந்த எஞ்சியது புழுவுக்குப் போதாதா? 'எவ்வளவு' என்று கேட்காத வரையில் எந்தக் கேடயமும் பலமானதாகவே தெரியும்.

பிடுங்கிப் பார்த்த கேடயம்

அப்படியானால் நொதிகள் புழுவின் உயிரைக் காப்பதே இல்லையா? காக்கின்றன, ஒன்றில் அது நன்றாகவே காட்டப்பட்டிருக்கிறது. அதையும் சொன்னால்தான் இந்த விமர்சனம் நேர்மையாகும்.

காயத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றினால் நுரை பொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். நம் இரத்தத்திலும் திசுக்களிலும் உள்ள காட்டலேஸ் என்ற நொதி அதை நீராகவும் ஆக்சிஜனாகவும் உடைப்பதால் வரும் நுரை அது. இரத்தப்புழுவிடம் காட்டலேஸ் கிடையாது. பெராக்சைடை அது வேறு வழியில் சமாளிக்கிறது: குளுட்டாதயோன், தயோரெடாக்ஸின் என்ற இரண்டு பொருள்கள் தம் எலெக்ட்ரான்களைக் கொடுத்துப் பெராக்சைடை நீராக்குகின்றன. கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்கும் அவற்றுக்கு மீண்டும் எலெக்ட்ரானை நிரப்பித் தர வேண்டும். நம் உயிரணுக்களில் இதைச் செய்யப் பொதுவாக இரண்டு தனித்தனி நொதிகள் உள்ளன. ஒன்று பழுதானால் மற்றொன்று ஓரளவு தாங்கும். புழுவிடம் இரண்டு வேலைக்கும் சேர்த்து ஒரே நொதி. தயோரெடாக்ஸின் குளுட்டாதயோன் ரிடக்டேஸ் என்பது அதன் நீண்ட பெயர். நாம் 'நிரப்பு நொதி' என்று வைத்துக்கொள்வோம். ஊர் முழுவதற்கும் ஒரே மின்மாற்றி இருப்பது போன்ற நிலை.

அமெரிக்காவில் டேவிட் வில்லியம்ஸின் குழு 2007-ல் வெளியிட்ட சோதனைகள், நம் வாக்கியம் தாவிச் சென்ற இடத்தை நடந்தே கடந்தன. முதலில், நிரப்பு நொதிக்கான மரபணுச் செய்தியைப் புழுவிலேயே அடக்கினார்கள். நொதி குறைந்தது, நான்கு நாள்களில் புழுக்களில் பெரும்பாலானவை இறந்தன. இங்கே ஓம்புயிர் இல்லை, கல்லீரல் இல்லை, கசியும் குழாய் இல்லை. கண்ணாடித் தட்டில் புழுவும் ஊட்ட நீரும் மட்டுமே. நொதியை எடுத்தார்கள், உயிர் போயிற்று. அடுத்து, மூட்டுவாதத்துக்குக் கொடுக்கப்படும் ஆரனோஃபின் என்ற தங்கம் சேர்ந்த மருந்தை எடுத்தார்கள். இந்நொதியின் வேலையிடத்தில் செலினியம் என்ற தனிமம் இருக்கிறது. தங்கம் அதோடு இறுகப் பிணைந்து நொதியை முடக்கும். மருந்து பட்ட புழுக்கள் தட்டில் விரைவில் இறந்தன. நோயுற்ற எலிகளுக்குக் கொடுத்தபோது புழுக்கள் ஏறத்தாழ 60 சதவீதம் குறைந்தன.

அறுபது, நூறு அன்று என்பதைக் கவனியுங்கள். தட்டில் எல்லாம் சாகிறது, எலியில் முக்கால் பங்குகூடச் சாகவில்லை. மருந்து புழுவைப் போய்ச் சேரும் அளவு, எலியின் உடல் அதைச் சிதைக்கும் வேகம் என்று பல காரணங்கள் நடுவில் நிற்கின்றன. ஆனாலும் இங்கே 'உதவியால்' என்ற சொல்லை எழுத எனக்குத் தயக்கமில்லை. பிடுங்கிப் பார்த்தபின் சொல்லப்பட்ட சொல் அது.

இதே புழுவைப் பற்றி நொதியே இல்லாத விடைகளும் உண்டு என்பதை நம் வாக்கியம் மறைத்துவிடுகிறது. 1969-ல் லண்டனில் ஸ்மிதர்ஸ், டெர்ரி, ஹாக்லி ஆகியோர் எலியில் வளர்ந்த புழுக்களை எடுத்து, எலியின் திசுக்களுக்கு எதிராக முன்பே தயார்செய்யப்பட்ட குரங்குகளின் உடலில் வைத்தார்கள். புழுக்கள் அழிந்தன. சாதாரணக் குரங்கில் வைத்தவையோ வாழ்ந்தன. புழு தன் மேனியில் எலியின் பொருள்களைப் போர்த்திக்கொண்டிருந்தது என்பதே இதன் பொருள். ஓம்புயிரின் உடையை அணிந்தவனை ஓம்புயிர் எப்படி அடையாளம் காணும்? இது ரசாயன வினையைவிட வேடம் போடும் வேலை. அடுத்து, இன்று இந்நோய்க்குக் கோடிக்கணக்கான பேருக்குக் கொடுக்கப்படும் ஒரே முக்கிய மருந்து பிராசிகுவாண்டல். அது புழுவில் எதைத் தாக்குகிறது என்பது பல பத்தாண்டுகள் புதிராக இருந்தது. 2019-ல் விடை கிடைத்தது: புழுவின் சவ்வில் கால்சியம் அயனிகளை உள்ளே விடும் ஒரு வாயில். மருந்து அந்த வாயிலைத் திறந்துவிடுகிறது, கால்சியம் பாய்கிறது, புழுவின் தசைகள் இறுகிக்கொள்கின்றன. அதுவும் நொதியன்று.

ஜி.எஸ்.டி.க்கும் நியாயம் செய்வோம். 2000-க்குப் பிறகு லீல் ஆராய்ச்சியாளர்கள் அதற்கு எதிர்பாராத வேறொரு தொழிலைக் கண்டார்கள். இளம்புழு தோலில் நுழையும்போது புரோஸ்டகிளாண்டின் டி2 என்ற பொருளை உண்டாக்குகிறது. தோலிலுள்ள காவல் அணுக்கள் நிணநீர்க் கணுவுக்கு ஓடிப்போய்ச் செய்தி சொல்வதை அது தாமதப்படுத்துகிறது. அப்பொருளை ஆக்குவதில் 28,000 எடை ஜி.எஸ்.டி.க்குப் பங்குண்டு என்று எழுதினார்கள். அப்படியானால் நச்சை முறிக்கும் கேடயம் என்று நாம் முப்பது ஆண்டுகள் எழுதியது, செய்தியாளனை வழியில் நிறுத்திவைக்கும் வேலையையும் செய்திருக்கிறது. கேடயம் என்று பெயர் வைத்துவிட்டால், பிறகு அதன் மற்ற வேலைகளைத் தேட யாருக்குத் தோன்றும்?

பாடநூல் எழுதுவோர் இதற்கு ஒரு பதில் வைத்திருப்பார்கள்: பள்ளி மாணவனுக்கு இவ்வளவும் எப்படிச் சொல்வது, ஒரு வரியில் சொல்லத்தானே வேண்டும்? ஒரு வரியிலேயே சொல்லலாம். 'இப்புழுக்களில் நச்சு முறிக்கும் நொதிகள் பல உள்ளன; அவற்றுள் ஒன்றை அடக்கியபோது புழு இறந்தது.' முதலில் சொன்ன வாக்கியத்தைவிட இது நீளமும் இல்லை, கடினமும் இல்லை. இதைப் படிக்கும் மாணவன் 'எதை அடக்கினார்கள், எப்படி?' என்று கேட்பான். பழைய வாக்கியத்தைப் படித்தவன் எதையும் கேட்கமாட்டான்.

இப்போது வேறொரு நொதி முன்னே வந்திருக்கிறது. கால்பெயின் என்ற, புரதத்தை வெட்டும் நொதி. புழு தன் மேற்சவ்வைப் புதுப்பித்துக்கொள்ள இது உதவுகிறது என்று கருதுகிறார்கள். அமெரிக்காவில் டெக்சாஸில் அஃப்சல் சித்திக்கியின் குழு இதன் ஒரு பகுதியைக் கொண்டு செய்த தடுப்பூசி, பபூன் குரங்குகளில் நல்ல பலன் தந்து, மனிதரிடம் பாதுகாப்புச் சோதனைகள் வரை வந்துவிட்டது. பபூன் எலியைப் போலச் சிறிய விலங்கன்று; ஒரு சில புழு இணைகளின் முட்டைகளால் அதன் கல்லீரல் எளிதில் அடைபடாது. அந்த மட்டில் இந்தச் சான்று 129 எலிகளின் சான்றைவிட மேல். மற்றதை ஆப்பிரிக்கக் கிராமங்களில், ஊசி போட்ட குழந்தைகளின் மலத்திலும் போடாத குழந்தைகளின் மலத்திலும் உள்ள முட்டைகளை உருப்பெருக்கியின் கீழ் வைத்து எண்ணித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.